அலுவலகப் பிரிண்டருக்கு மாறாத முகவரி

சிறிய அலுவலகங்களுக்குப் பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கும் விற்பனையாளரின் ஆள் பெரும்பாலும் அதை வைஃபையில் இணைத்து, ஒரு சோதனைப் பக்கத்தை எடுத்துக் காட்டி, டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகு, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டிய இருபதாம் தேதி போன்ற ஒரு நாளில், கணினித் திரையில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். எதிரே பிரிண்டரோ பச்சை விளக்குடன் தயாராக நிற்கும்.

இப்படிப்பட்ட அலுவலகங்களின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்வது என் தொழில். ஆடிட்டர் அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம், சிறு ஏற்றுமதி நிறுவனம் என்று எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: ஐந்து முதல் பதினைந்து கணினிகள், இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ஒரு ரூட்டர், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மல்டிஃபங்ஷன் பிரிண்டர். அந்தப் பிரிண்டர் பழுதாகி வெளியே போகும்வரை ஒரே மேசையில்தான் இருக்கப்போகிறது. இடம் மாறாத கருவிக்குக் கேபிள் கொடுப்பதுதான் முறை. ஆனால் கேபிளைச் செருகியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதால், வைஃபையில் வந்த அதே 'ஆஃப்லைன்' கேபிளிலும் வந்து நிற்கிறது. கணினி பிரிண்டரை நெட்வொர்க்கில் கண்டுபிடிப்பது ஐ.பி. முகவரி என்ற எண்ணை வைத்துத்தான்; அந்த எண் மாறிவிட்டால் பிரிண்டர் 'ஆஃப்லைன்'. ஆகவே கேபிளோடு மாறாத ஒரு முகவரியையும் பிரிண்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்த முகவரியை எங்கே எழுதி வைப்பது, பின்னாளில் எதெல்லாம் அதைக் கலைக்கும் என்பதைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் கேபிள். ஃபேக்ஸ் வசதியுள்ள பிரிண்டரின் பின்புறத்தில் ஒரேபோலத் தோன்றும் துளைகள் இரண்டு மூன்று இருக்கும். சிறியவை தொலைபேசி லைனுக்கு உரியவை, பெரியது நெட்வொர்க்குக்கு உரியது. நெட்வொர்க் கேபிளின் ஆர்.ஜே.-45 முனை தொலைபேசித் துளைக்குள் நுழையாது. தொலைபேசி வயரின் சிறிய முனையோ நெட்வொர்க் துளைக்குள் தாராளமாக நுழைந்து, ஒரு பயனும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சில இங்க்ஜெட் மாடல்களில் நெட்வொர்க் துளையின் மேல் மூடியோ ஸ்டிக்கரோ இருப்பதால், இந்தப் பிரிண்டரில் லேன் போர்ட்டே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. செருகிய பிறகு, பிரிண்டரின் துளையருகிலும் ஸ்விட்ச்சிலும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த விளக்கு எரியாதவரை மெனுவுக்குள் போய் எதை மாற்றினாலும் பயனில்லை.

ஸ்விட்ச்சிலிருந்து பிரிண்டர்வரை கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி சிறிய அலுவலகத்தில் ஒரு பொருட்டே அல்ல. தொல்லை வேறிடத்திலிருந்து வருகிறது. ஏராளமான பிரிண்டர்கள் நொடிக்கு 100 மெகாபிட் வேகம்வரைதான் போகும். அந்த வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடி வயர்களில் இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் அறுந்துபோன கேபிள்கூட ஒரு பழைய பிரிண்டரை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓட்டியிருக்கும். நான்கு ஜோடிகளும் தேவைப்படும் கிகாபிட் பிரிண்டரை அதில் மாட்டும்போதுதான் இணைப்பு விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. பழைய பிரிண்டர் இதே கேபிளில்தானே ஓடியது என்று உரிமையாளர் கேட்பார். ஓடியது உண்மைதான், ஆனால் அதை வைத்துக் கேபிள் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பிரிண்டர் மெனுவில் இணைப்பு வேகத்தைத் தீர்மானிக்கும் ஓர் இடம் இருக்கும். அதை 'ஆட்டோ' நிலையிலேயே விட்டுவிடுவது நல்லது. இரு முனைகளும் தமக்குள் பேசி வேகத்தைத் தீர்மானித்துக்கொள்வது வழக்கம். பிரிண்டரை மட்டும் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தகவல் போகும் முறை) என்று கட்டிவைத்தால், பேச்சுக்குப் பதில் கிடைக்காத ஸ்விட்ச் பாதுகாப்பாக ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். அதன் பிறகு ஒரு பக்கக் கடிதம் உடனே வந்துவிடும், நாற்பது பக்க பி.டி.எஃப். மட்டும் பாதி வழியில் தவழும். வேகத்தைக் கூட்டலாம் என்று நினைத்துச் செய்த இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பல மணிநேரம் பிடிக்கும், ஏனென்றால் சோதனைப் பக்கம் எப்போதும் சரியாகவே வரும்.

வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாறும் பிரிண்டரில் இன்னொரு படி இருக்கிறது. பல மாடல்களில் கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் வேலை செய்யா. சில எச்.பி. பிரிண்டர்களில் கேபிளைச் செருகியவுடன் வைஃபை தானாக அணைந்துவிடும். கேனான் பிரிண்டர்கள் பலவற்றில் வயர்டு, வயர்லெஸ் இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்று மெனுவில் நாமே தேர்ந்தெடுத்து, பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். அதைச் செய்யாமல், கேபிள் செருகியிருக்கிறது, பிரிண்டும் வருகிறது என்று நிம்மதியாக இருக்கும் அலுவலகங்களில் பிரிண்டர் இன்னமும் வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். மேலும், ஒரே பிரிண்டருக்குள் கேபிளுக்கு ஒன்றும் வைஃபைக்கு ஒன்றுமாக இரண்டு மேக் முகவரிகள், அதாவது நெட்வொர்க் வன்பொருளின் அடையாளக் குறியீடுகள், இருக்கின்றன. எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்த இந்தப் பன்னிரண்டு இலக்கக் குறியீட்டில் எது எதற்கு உரியது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால், ரூட்டரில் செய்யும் ஏற்பாடு தவறான குறியீட்டுக்குப் போய்விடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 'ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரிலோ அதற்கு நெருக்கமான பெயரிலோ ஒரு மெனு எல்லாப் பிரிண்டரிலும் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், பிரிண்டர் டி.எச்.சி.பி. (ரூட்டர் தானாக முகவரி வழங்கும் முறை) மூலம் முகவரி கேட்டிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை, அதனால் தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய எச்.பி. ஜெட்டைரக்ட் நெட்வொர்க் கார்டு போட்ட பிரிண்டராக இருந்தால் 192.0.0.192 என்ற விசித்திரமான எண்ணும் தென்படலாம். அதுவும் இதே கதைதான். முகவரி சரியாக வந்திருந்தால், அதை யார் கொடுத்தது என்பதையும் அந்தப் பக்கமே சொல்லும்: டி.எச்.சி.பி. என்றோ மேனுவல் என்றோ எழுதியிருக்கும்.

இனி, நாம் நிரப்ப வேண்டிய நான்கு எண்கள்: ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். நான்கும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால் நான்குக்கும் ஒரே எடை என்று தோன்றுகிறது. உண்மையில், ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் கணினியிலிருந்து அச்சிடுவதற்கு முதல் இரண்டு எண்கள் போதும். கேட்வேயும் (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி) டி.என்.எஸ்ஸும் (இணையப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) பிரிண்டர் அலுவலகத்துக்கு வெளியே எதையாவது தேடிப் போகும்போதுதான் தேவைப்படுகின்றன: ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும்போது, பிரிண்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது, கடிகாரத்தைச் சரிசெய்யும்போது. இதனால் ஒரு விநோதமான நிலை உண்டாகிறது. கடைசி இரண்டு எண்களைத் தப்பாக அடித்திருந்தாலும் அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். சோதனைப் பக்கம் வரும். சில மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்ப முயலும்போது அது போகாது, மின்னஞ்சல் கடவுச்சொல்லில்தான் கோளாறு என்று எல்லோரும் அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சப்நெட் மாஸ்க்கிலும் இதுபோல ஒளிந்திருக்கும் தவறு ஒன்று உண்டு. 255.255.255.0 என்றால் ஐ.பி. முகவரியின் முதல் மூன்று எண்கள் யாருக்கெல்லாம் ஒன்றாக இருக்கின்றனவோ அவர்களெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள், மற்றவர்களிடம் கேட்வே வழியாகத்தான் போக வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்கிறோம். மாடிக்கு ஒரு நெட்வொர்க் என்று பிரித்திருக்கும் சற்றுப் பெரிய அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழ்த்தளத்தில் 10.0.1 என்று தொடங்கும் முகவரிகள், மேல்தளத்தில் 10.0.2. கீழ்த்தளப் பிரிண்டரில் மாஸ்க்கை 255.0.0.0 என்று விட்டுவிட்டால், 10 என்று தொடங்கும் எல்லோருமே பக்கத்தில் இருப்பதாக அது நம்பிக்கொள்ளும். மேல்தளத்துக் கணினி அனுப்பும் கோரிக்கை ரூட்டர் வழியாகப் பிரிண்டரை வந்து சேரும். பிரிண்டரோ பதிலை ரூட்டரிடம் கொடுக்காமல் கீழ்த்தளத்திலேயே அந்தக் கணினியைத் தேடும். கீழே எல்லோருக்கும் பிரிண்ட் வரும், மேலே ஒருவருக்கும் வராது. மேல்தளத்துக் கணினிகளில் டிரைவரை எத்தனை முறை நீக்கிவிட்டுப் போட்டாலும் இது சரியாகாது, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

ஐ.பி. முகவரியாக எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதே இதில் முக்கியமான முடிவு. அலுவலகங்களுக்குள் பயன்படுத்துவதற்கென்று 1996-இல் ஒதுக்கப்பட்ட மூன்று தொகுதிகள் இருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் காண்பது அநேகமாக மூன்றாவதுதான். அதில் ரூட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்பு எது என்பதை ரூட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டி.பி.-லிங்க் ரூட்டர்கள் சிலவற்றில் அது 100 முதல் 199 வரை என்று ஒழுங்காக இருக்கும். பிரிண்டருக்கு 50 என்று கொடுத்துவிட்டால் மோதலே வராது. வேறு சில ரூட்டர்கள் 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் தாமே வழங்கிக்கொண்டிருக்கும். அங்கே அந்த வரம்பை முதலில் 100-இலிருந்து தொடங்கும்படி சுருக்கிவிட்டுத்தான் பிரிண்டருக்கு எண் கொடுக்க வேண்டும்.

வரம்புக்குள்ளேயே இருக்கும் எண்ணைப் பிரிண்டருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பல ரூட்டர்கள் ஓர் எண்ணை வழங்குவதற்கு முன்னால் அதை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும். பகலில் பிரிண்டர் பதில் சொல்லிவிடும் என்பதால் ஒன்றும் நேராது. இரவில் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறோம். காலையில் முதலில் வந்து சேரும் ஒருவருடைய கைப்பேசிக்கு அதே எண் போய்விடுகிறது. பிறகு பிரிண்டரைப் போட்டால் ஒரே எண்ணில் இருவர். அந்தக் கைப்பேசிக்காரர் மதியம் வெளியே போனால் பிரிண்டர் சரியாகிவிடும், திரும்பி வந்தால் கெட்டுப்போகும். காரணம் தெரியாத அலுவலகத்தில் இது பேய்பிடித்த பிரிண்டராகவே தோன்றும்.

தேர்ந்தெடுத்த எண்ணை வேறு கருவி எதுவும் வைத்திருக்கவில்லை என்பதை ஒரு கணினியின் கறுப்புக் கட்டளைத் திரையிலிருந்து 'பிங்' செய்து, அதாவது அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று, பார்ப்பது வழக்கம். ஆனால் பதில் வரவில்லை என்பதால் அந்த எண் காலியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் விண்டோஸின் ஃபயர்வால் பல சமயம் பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. பிங் செய்த கையோடு அதே கறுப்புத் திரையில் எந்த ஐ.பி. முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று கணினி குறித்துவைக்கும் ஏ.ஆர்.பி. அட்டவணையை எடுத்துப் பார்த்தால், பிங்குக்குப் பதில் சொல்லாத கருவியும் அங்கே தன் மேக் முகவரியோடு மாட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது கேள்வி, அந்த முகவரியை எங்கே நிலைநிறுத்துவது என்பது. பிரிண்டருக்குள்ளேயே மேனுவலாக எழுதிவிடலாம். அல்லது பிரிண்டரை டி.எச்.சி.பி.யிலேயே விட்டுவிட்டு, இந்த மேக் முகவரி கேட்டால் எப்போதும் இந்த எண்ணையே கொடு என்று ரூட்டரில் முன்பதிவு செய்துவைக்கலாம். பெரிய நிறுவனங்களில் நெட்வொர்க்கைக் கவனிப்பவர்கள் இரண்டாவது வழியைத்தான் விரும்புவார்கள். எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும் என்ற அவர்களுடைய காரணம் நியாயமானது. சிறிய அலுவலகத்துக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் மின்வெட்டு. லேசர் பிரிண்டர் டோனரை உருக்கிப் பதிப்பதற்காக ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் எடுக்கும் என்பதால் அதை யு.பி.எஸ்ஸில் மாட்டுவதில்லை. ரூட்டரையாவது மாட்டியிருக்க வேண்டும், அதையும் பல இடங்களில் மாட்டுவதில்லை. மின்சாரம் திரும்பும்போது இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். ரூட்டர் முழுதாகத் தயாராவதற்குள் பிரிண்டர் முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல், 169.254 என்ற எண்ணை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சில பிரிண்டர்கள் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டுச் சரிசெய்துகொள்ளும். சிலவற்றை யாராவது அணைத்துப் போட வேண்டியிருக்கும். முகவரியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பிரிண்டருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது.

ஆனால் இந்த வழிக்கும் ஓர் எதிரி இருக்கிறது: இன்டர்நெட் இணைப்பை மாற்றுவது. பழைய இணைப்பின் ரூட்டர் 192.168.1.1 என்ற முகவரியில் இருந்திருக்கும்; பிரிண்டர் 192.168.1.50. புதிதாக ஜியோ ஃபைபர் எடுத்தால் அதன் ரூட்டர் வழக்கமாக 192.168.29.1 என்ற முகவரியில் வரும். கணினிகளும் கைப்பேசிகளும் டி.எச்.சி.பி. மூலம் 29-க்கு உடனே குடிபெயர்ந்துவிடும். பிரிண்டர் மட்டும் பழைய தெருவிலேயே நிற்கும். ரூட்டரில் முன்பதிவு செய்திருந்தாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் முன்பதிவு பழைய ரூட்டரோடு போய்விட்டது. பிரிண்டருக்குப் புது எண் கிடைக்கும், கணினிகளோ பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் வந்து சேரும் ஆட்கள் பெரும்பாலும் பிரிண்டரின் முகவரியை 29-க்கு மாற்றி, பத்துக் கணினிகளிலும் ஏறி இறங்கி, ஸ்கேன் முகவரிப் புத்தகத்தையும் திருத்துகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. புதிய ரூட்டரின் உள்முகவரியை 192.168.1.1 என்று மாற்றி, வழங்கும் வரம்பையும் பழையபடி அமைத்துவிட்டால், உள்ளே எதையும் தொடாமல் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். இதைவிடவும் நல்லது, இன்டர்நெட் நிறுவனத்தின் ரூட்டருக்குப் பின்னால் அலுவலகத்தின் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, உள்நெட்வொர்க் முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிடுவது. சொந்த ரூட்டரின் உள்முகவரி மட்டும் வெளிரூட்டர் வைத்திருக்கும் தொகுதியிலேயே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வெளியே எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பிரிண்டருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் வைக்கக்கூடாது என்று சிலர் எச்சரிப்பார்கள். வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டிய கேமரா போன்றவற்றுக்கு அது பொருந்தும், அலுவலகத்துக்குள் அச்சிடுவதற்குப் பொருந்தாது.

எண்களைப் பிரிண்டரின் சிறிய திரையிலேயே அடிக்கலாம். கணினியின் பிரவுசரில் பிரிண்டரின் தற்போதைய முகவரியை அடித்து, அதற்குள் இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்தும் மாற்றலாம். அதை எச்.பி. 'எம்பெடெட் வெப் சர்வர்' என்றும், கேனான் 'ரிமோட் யு.ஐ.' என்றும், ரிக்கோ 'வெப் இமேஜ் மானிட்டர்' என்றும், கியோசெரா 'கமாண்ட் சென்டர்' என்றும் அழைக்கின்றன. திறக்கும்போது பாதுகாப்பற்ற தளம் என்று பிரவுசர் எச்சரிக்கலாம். பிரிண்டர் தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழை வைத்திருப்பதால் வரும் எச்சரிக்கை அது, சொந்த அலுவலகத்துக்குள் அதைக் கடந்து போகலாம். அட்மின் கடவுச்சொல் புதிய மாடல்கள் பலவற்றில் பிரிண்டரின் பின்புறத்திலோ மூடிக்கு உள்ளேயோ ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். புதிய முகவரியை எழுதிச் சேமித்தவுடன் அந்தப் பக்கம் அப்படியே உறைந்து நிற்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பிரிண்டர் புதிய எண்ணுக்குப் போய்விட்டது, பிரவுசர் பழைய எண்ணில் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரிண்டரின் திரையில் அடிக்கும்போது மட்டும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. சில பிரிண்டர்கள், குறிப்பாக பிரதர் மாடல்கள், முகவரியை 192.168.001.050 என்று பூஜ்யங்களோடு காட்டும். பிரிண்டரில் அது சரிதான். அதையே பார்த்துக் கணினியில் அடித்தால், முன்னால் பூஜ்யம் வரும் எண்ணை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் விண்டோஸ் உட்படப் பல இடங்களில் இன்னும் இருப்பதால், 050 என்பது 40 ஆகிவிடும். கணினி 192.168.1.40-ஐத் தேடிக்கொண்டிருக்கும். பூஜ்யங்களை விட்டுவிட்டு அடிக்க வேண்டும்.

கணினிப் பக்கத்தில் விண்டோஸ் செய்யும் உதவியே சில சமயம் உபத்திரவமாகிவிடுகிறது. பிரிண்டரைச் சேர் என்று சொன்னவுடன் அது நெட்வொர்க்கில் தேடி, கண்டுபிடித்து, பெரும்பாலும் டபிள்யு.எஸ்.டி. என்ற வகைப் போர்ட்டில் (பிரிண்டருக்குப் போகும் வழியை விண்டோஸ் இப்படி அழைக்கிறது) இணைத்துவிடும். அந்தப் போர்ட் பிரிண்டரை முகவரியால் அறிவதில்லை, தேடுதலால் அறிகிறது. தேடுதலுக்கு ஒரு முறை பதில் வராவிட்டால் ஆஃப்லைன். நாம் இவ்வளவு பாடுபட்டு ஒரு நிலையான முகவரி கொடுத்ததன் பலன் அங்கே வீணாகிறது. ஆகவே தானாகக் கண்டுபிடித்த பிரிண்டரைத் தேர்ந்தெடுக்காமல், கையால் சேர்க்கும் வழியில் போய், 'ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, முகவரியை நாமே அடிக்க வேண்டும். அது பிரிண்டரின் 9100 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாசலுக்கு, அதாவது போர்ட்டுக்கு, நேராகப் பேசும். இந்த எண் எச்.பி.யின் ஜெட்டைரக்டிலிருந்து வந்து, இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் பிரிண்டர்களிலும் இருக்கிறது. 515 என்ற போர்ட்டில் பேசும் எல்.பி.டி. என்ற பழைய முறையும் உண்டு. வேறு வழியில்லாத இடங்களைத் தவிர அதை நான் தொடுவதில்லை. ஆப்பிள் கணினிகளும் லினக்ஸும் 631-இல் ஐ.பி.பி. முறையில் பேசிக்கொள்ளும், அவற்றோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

முகவரி சரி, போர்ட் சரி, பிங்கும் போகிறது, ஆனாலும் விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்றே சொல்கிறது என்றால், போர்ட்டின் அமைப்புப் பக்கத்தில் 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் டிக் இருந்தால் விண்டோஸ் பிரிண்டரிடம் எஸ்.என்.எம்.பி. என்ற வேறொரு வழியில், 'பப்ளிக்' என்ற பொதுச்சொல்லைச் சொல்லி, நலமா என்று விசாரிக்கும். பாதுகாப்புக்காகப் பிரிண்டரில் அந்த வழியை அடைத்திருந்தாலோ அந்தச் சொல்லை மாற்றியிருந்தாலோ பதில் வராது. பதில் வராத பிரிண்டரை விண்டோஸ் இறந்ததாக எழுதிவிடும், அதற்குப் பிரிண்ட் அனுப்பவே மாட்டேன் என்கும். டிக்கை எடுத்துவிட்டால் விசாரணை நின்று, பிரிண்ட் போகும். டோனர் அளவு போன்ற தகவல்கள் கணினித் திரையில் வராமல் போகலாம், அது பெரிய இழப்பு அல்ல.

ஸ்கேன் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். அச்சிடும்போது கணினி பிரிண்டரைத் தேடிப் போகிறது; ஸ்கேன் செய்ததைக் கணினியின் ஃபோல்டரில் போடும்போது பிரிண்டர் கணினியைத் தேடி வருகிறது. ஆகவே பிரிண்டரின் முகவரிப் புத்தகத்தில் கணினியின் ஐ.பி. எழுதியிருந்தால், அந்தக் கணினியின் முகவரியும் மாறாமல் இருந்தாக வேண்டும். கணினிகளை மேனுவல் முகவரியில் வைப்பதைவிட ரூட்டரில் முன்பதிவு செய்வது இங்கே வசதி. மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களுக்குத் தொல்லை இருக்காது. ஃபோல்டரைத் திறக்கப் பிரிண்டருக்கென்று கணினியில் தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கொடுப்பது நல்லது. ஊழியர் ஒருவரின் கணக்கைக் கொடுத்திருந்தால், அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் ஸ்கேன் நின்றுவிடும், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

கேபிளுக்கோ புதிய ரூட்டருக்கோ மாறிய பிறகு ஸ்கேன் மட்டும் நின்றுபோனால், கணினியில் அந்த இணைப்பு 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் புதிய இணைப்பைப் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, ஃபோல்டர் பகிர்வை அடைத்துவிடும். 'பிரைவேட்' என்று மாற்றினால் திறந்துவிடும். அதுவும் சரியாக இருந்து, பிரிண்டர் பழையதாக இருந்தால், காரணம் ஃபோல்டர் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. முறையின் முதல் பதிப்பாக இருக்கலாம். 2017 இலையுதிர்காலத்தில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது சேர்வதில்லை; பழைய பிரிண்டர்கள் சிலவற்றுக்கு அது ஒன்றுதான் தெரியும். அதை மறுபடி இயக்கிவிடலாம் என்று இணையத்தில் வழி சொல்கிறார்கள். அந்த ஆண்டில் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் என்பதால், கட்சிக்காரர்களின் வரிக்கணக்குகள் இருக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன். பிரிண்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யு.எஸ்.பி.க்கோ மாற்றிக்கொள்ளலாம்.

மின்னஞ்சலுக்கு அனுப்புவதானால், முன்னே சொன்ன கேட்வேயும் டி.என்.எஸ்ஸும் இங்கேதான் முதன்முறையாகச் சோதனைக்கு வருகின்றன. அவற்றோடு பிரிண்டரின் தேதியும் சரியாக இருக்க வேண்டும். ஆண்டு 2010 என்று நிற்கும் பிரிண்டர், அஞ்சல் சர்வரின் சான்றிதழைச் செல்லாததாகக் கருதி இணைப்பை மறுத்துவிடக்கூடும். ஜிமெயில் கணக்காக இருந்தால், 2022 மே 30 முதல் சாதாரணக் கடவுச்சொல்லை இப்படிப் பயன்படுத்த முடியாது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதற்குப் பிறகு கிடைக்கும் பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்டைப் பிரிண்டரில் அடிக்க வேண்டும். போர்ட் 587.

வீட்டிலிருந்தும் பிரிண்ட் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டால், ரூட்டரில் 9100-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடும் குறுக்குவழியை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. யார் எதை அனுப்பினாலும் பிரிண்டர் அச்சிடும். 2018-ஆம் ஆண்டின் இறுதியில், இப்படித் திறந்துகிடந்த பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் துண்டறிக்கையை ஒருவர் அச்சிடவைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியான வி.பி.என். அமைத்துக்கொள்ளலாம், அல்லது கோப்பை அலுவலகத்தில் இருப்பவருக்கு அனுப்பி அச்சிடச் சொல்லலாம்.

எல்லாம் முடிந்த பிறகு நெட்வொர்க் விவரப் பக்கத்தை இன்னொரு முறை அச்சிட்டு, அதில் ரூட்டரின் டி.எச்.சி.பி. வரம்பையும் பேனாவால் எழுதி, பிரிண்டரின் வாரண்டி அட்டையோடு ஃபைலில் வைத்துவிடுங்கள். முகவரியையும் கேபிளுக்கு உரிய மேக் முகவரியையும் ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை வருகிறவர் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. அட்மின் கடவுச்சொல்லை மட்டும் அந்த ஸ்டிக்கரில் எழுத வேண்டாம்.